சீட்டுக் காசு எடுத்த தகப்பனும் எங்கள் தொடர் நாடகங்களும்

1986ஆம் ஆண்டு, கிழக்கு இலண்டனில் நடக்கும் பிபிசியின் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் ஆர்தர் ஃபவுலர் என்றொரு தகப்பன் அயலாரின் காசில் கை வைத்தார். ஆள் கெட்டவர் இல்லை. வேலை போய் வீட்டில் இருக்கிறவர். நத்தாருக்கென்று தெருச்சனம் கிழமைக்குக் கிழமை கட்டிவந்த காசு அவர் பொறுப்பில் இருந்தது. எங்கள் பக்கத்தில் சீட்டுப் பிடிக்கிறவரிடம் இருக்குமே, அப்படி. மகள் மிஷேலுக்குக் கலியாணம் வந்தது. செலவுக்கு வேறு வழி தெரியவில்லை, எடுத்துவிட்டார். மகளோ கலியாணத்தன்று மாப்பிள்ளையைத் தேவாலயத்தில் காக்கவிட்டுப் போய்விட்டாள். காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்க, வீட்டில் களவு போய்விட்டதென்று சோடித்தார். அது வெளித்தது. நத்தார், வருடப்பிறப்புக் காலத்தில் மனம் குழம்பிப்போனார். பிறகு 28 நாள் மறியல். இந்தக் கதையில் வில்லன் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொரு முகமாகக் கமெரா பாய்வதில்லை, காட்சிகளுக்குப் பின்னணி இசைகூட இல்லை. பார்க்கிற சனத்தைப் பிடித்து வைத்திருந்தவை மூன்று கேள்விகள்தான்: எவ்வளவு காசு, யாருடைய காசு, எப்போது கொடுக்கவேண்டும்?

தமிழில் தொடர் நாடகம் பற்றிப் பேச்சு வந்தால் ‘யதார்த்தம்’ என்பதை நாங்கள் பெரும்பாலும் கண்ணீரோடு சேர்த்து வைத்துவிடுகிறோம். ஏழ்மை இருந்தால் யதார்த்தம், அடி உதை இருந்தால் யதார்த்தம், சாவீடு இருந்தால் இன்னும் யதார்த்தம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு தொடரை உண்மையாக்குவது அதில் எவ்வளவு துன்பம் இருக்கிறது என்பதல்ல. அந்தத் துன்பத்துக்குக் கணக்கு இருக்கிறதா என்பதுதான். பாத்திரம் என்ன வேலை செய்கிறது, கிழமைக்கு என்ன கிடைக்கிறது, யாருக்குக் கடன், ஒருவரை ஒருவர் வீட்டுக்குள் எடுக்காத சனம் எந்தப் பொது இடத்தில் முகம் பார்க்கவேண்டி வருகிறது? இவற்றுக்குப் பதில் சொல்லும் தொடரில் ஒரு கோப்பைத் தேத்தண்ணிகூடக் கதையாகும். பதில் சொல்லாத தொடரில் பத்துச் சாவு விழுந்தாலும் அது வெறும் சத்தம். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு பிரித்தானியத் தொடர்களையும், ஒருகாலத்தில் எங்களை வீட்டோடு கட்டிவைத்த இலங்கை வானொலி நாடகங்களையும், இப்போது மாலையானால் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஓடும் சென்னைத் தொடர்களையும் அளந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பிரித்தானியாவில் இப்படிக் கணக்கோடு கதை சொன்ன தொடருக்கு நல்ல உதாரணம் 1960 டிசம்பர் 9ஆம் திகதி தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’. அதை உருவாக்கிய ரொனி வோரனுக்கு அப்போது 24 வயது. மன்செஸ்டருக்குப் பக்கத்து சல்ஃபோர்டின் தொழிலாளர் தெருக்களை ஒட்டிக் கற்பனையாக ஒரு தெருவைக் கட்டினார்: ஒட்டி ஒட்டி நின்ற வரிசை வீடுகள், முனையில் ஒரு மதுக்கடை, ஒரு பலசரக்குக் கடை. முதல் அங்கத்திலேயே ஒரு சாப்பாட்டு மேசை வருகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் மகன் கென் பார்லோ, தகப்பன் சோஸ் போத்தலை மேசையில் வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறான். தகப்பன் அதைக் கவனித்துவிடுகிறார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் படித்த பிள்ளைக்கும் படிக்கவைத்த தகப்பனுக்கும் நடுவில் என்ன விழுந்துவிட்டது என்பதை அந்தப் போத்தல் சொல்லிவிடுகிறது. பேராதனைக்கோ கட்டுப்பெத்தைக்கோ பிள்ளையை அனுப்பிய எந்த யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் அந்த மேசையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாத்திரங்கள் பேசியதும் வடக்கு இங்கிலாந்துத் தொழிலாளியின் வாய்மொழி. அதுவரை அந்த மொழி பெரும்பாலும் பகிடிக்குத்தான் ஒலிபரப்பில் இடம் பெற்றிருந்தது. இங்கே அதே மொழியில் கோபப்பட்டார்கள், வெட்கப்பட்டார்கள், கடன் கேட்டார்கள்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, 1982 நவம்பரில், சனல் 4 தொடங்கிய முதல் நாளே வந்தது ‘புரூக்சைட்’. அதன் பின்னால் நின்றவர் ஃபில் ரெட்மண்ட். இவர் செட் போடவில்லை. லிவர்பூலில் புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பில் வீடுகளையே வாங்கி அவற்றுக்குள் படம் பிடித்தார். கூரை நிசக் கூரை, குசினி நிசக் குசினி. அதில் பொபி கிரான்ட் ஒரு தொழிற்சங்கக்காரர். அவருடைய மகன் டேமன், வேலையற்ற இளைஞர்களுக்கென்று அரசாங்கம் நடத்திய பயிற்சித் திட்டத்தில் சேர்கிறான். பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை கிடைக்கும் என்று நம்பி ஒரு வருடம் உழைக்கிறான். முடிவில் ‘போயிட்டு வா’ என்று அனுப்பிவிடுகிறார்கள். தட்சர் காலத்து லிவர்பூலில் எத்தனையோ வீட்டில் நடந்தது அது. தொடர் அரசாங்கத்தைத் திட்டிப் பிரசங்கம் செய்யவில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய்வந்ததைக் கிழமைக்கு இரண்டு முறை காட்டியது, அது போதுமாக இருந்தது. தொடர் நாடகத்துக்கு மட்டும் இருக்கிற பலம் இதுதான். இரண்டரை மணித்தியாலப் படத்தில் ஒரு வருடத்தை ஒரு பாட்டில் கடந்துவிடலாம். தொடரில் அந்த வருடத்தைப் பார்க்கிறவரும் கூட இருந்து கழிக்கவேண்டும்.

சரி, எங்களிடம் என்ன இருந்தது? தொலைக்காட்சியில் தேடினால் கைக்கு அகப்படுவது குறைவு. வானொலியில் தேடினால் ஒரு பொற்காலமே இருக்கிறது. ‘சானா’ என்று எல்லோரும் அறிந்த எஸ். சண்முகநாதன் இலங்கை வானொலியில் தமிழ் நாடகத்தைப் பொறுப்பேற்று நடத்திய நாட்களில் ‘விதானையார் வீட்டில்’, ‘இலண்டன் கந்தையா’ போன்றவை வந்தன. பிறகு வரணியூரான் என்ற கணேசபிள்ளை, ‘முகத்தார் வீடு’ தந்த ஜேசுரட்ணம், கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரன் என்று ஒரு வரிசை. மேடையும் சினிமாவும் பெரும்பாலும் இந்தியத் தமிழைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் ‘என்னடாப்பா’, ‘உவன் எங்க போறான்’, ‘சும்மா இரணை’ என்று கதைக்கிற மனிதரை ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். பிரித்தானியாவில் ரொனி வோரன் செய்த காரியத்துக்கு இது குறைந்ததல்ல. ஒரு சமூகம் தன்னுடைய பேச்சைப் பகிடிக்கு மட்டுமில்லாமல் துக்கத்துக்கும் தகுந்த மொழியாகக் கேட்பது பெரிய மாற்றம்.

சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ அந்த வரிசையில் உச்சம். மக்கள் வங்கியின் விளம்பர ஆதரவில் வந்த தொடர். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் கதை. கே. எஸ். பாலச்சந்திரன், விஜயாள் பீற்றர், கமலினி செல்வராசன் போன்றவர்களின் குரல்கள் அதனாலேயே வீட்டுக்கு வீடு தெரிந்த குரல்களாயின. அனுசரணை ஒரு வங்கி என்பதைக் கவனியுங்கள். சனத்தைச் சேமிக்கச் சொல்லும் ஒரு நிறுவனத்துக்கு, ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் கதை விளம்பரத்துக்கு உதவும் என்று பட்டிருக்கிறது. யதார்த்தம் விற்காது என்று இப்போது சொல்கிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் தேவையில்லை. இதே பாலச்சந்திரன் பிறகு ‘வாத்தியார் வீட்டில்’ தொடரை எழுதினார். அவருடைய ‘அண்ணை றைற்’ தனிநடிப்பு ஒரு பஸ் கொண்டக்டரைப் பற்றியது. ஒரு மனிதரின் வாயாலேயே ஒரு முழு பஸ்ஸையும், அதில் ஏறி இறங்கிய முழு ஊரையும் காட்டியது. மெகா தொடர் ஒன்றின் நூறு அங்கத்தில் இல்லாத பொது இடம் அந்தச் சில நிமிடங்களில் இருந்தது.

ஆனால் பொற்காலம் என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போய்விட எனக்கு விருப்பமில்லை. தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: விதானையார் வீட்டில், வாத்தியார் வீட்டில், முகத்தார் வீடு. எல்லாம் வீடு. அதுவும் ஊரில் மரியாதை உள்ளவர்களின் வீடு. தோட்டத்துக்குக் கூலிக்கு வருகிறவரின் வீடு இல்லை, சீவல்காரரின் வீடு இல்லை. அந்தச் சனம் கதைக்குள் வந்தாலும் விதானையாரின் முற்றத்துக்கு வந்துபோகிறவராக வரமுடியும். அந்தக் கதை அவர்களோடு அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகாது. இத்தனைக்கும் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் ஒரே வாங்கும் ஒரே குவளையும் வேண்டும் என்பதற்காகச் சனம் அடிவாங்கியது. கே. டானியல் அதை ‘பஞ்சமர்’ நாவலாக எழுதினார். என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகத்தை அம்பலத்தாடிகள் குழுவினர் கூத்து வடிவில் மேடையேற்றினார்கள். நாவலும் மேடையும் தெருவுக்கு வந்துவிட்டபோதும் வானொலித் தொடர் வீட்டு விறாந்தையிலேயே இருந்தது.

வெவ்வேறு சமூகத்தார் ஒரே இடத்தில் சந்தித்த வானொலித் தொடர் ஒன்று இல்லாமல் இல்லை. எஸ். ராம்தாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’. அதில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நான்கு பேர், நான்கு விதமான தமிழ். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்து நன்றாக ஓடியது. அடுத்த வருடம், 1977இல், தர்மசேன பத்திராஜ இயக்கி, காவலூர் இராசதுரை எழுதிய ‘பொன்மணி’ வந்தது. அது சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று நிதானமாக, சத்தமில்லாமல் காட்டிய படம். தியேட்டரில் நின்றுபிடிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். வேறுபட்ட சனம் ஒன்றாக நிற்பதைப் பகிடியாகக் காட்டினால் நாங்கள் காசு கொடுத்துப் பார்த்தோம். ஏன் ஒன்றாக நிற்க முடியவில்லை என்று காட்டினபோது எழும்பிப் போய்விட்டோம்.

பழியைக் கலைஞர்கள் மேல் போடுவது அநியாயம். அது அரசாங்க வானொலி. பாத்திரம் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதற்கு மேலே ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி, அதைச் சுற்றிக் கிழவன் முதல் குழந்தை வரை இருந்து கேட்கிற காலம். யாருக்கும் நோகாமல் எழுதவேண்டிய கட்டாயமும் இருந்திருக்கும். அதைவிடப் பெரிய காரணம் காலம். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அடுத்த வருடம் ஜூலைக் கலவரம். 1990இல் இருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலியில் செய்தி கேட்ட சனம் நாங்கள். சிங்களத்தில் கிராமத்தையும் நகரத்துச் சின்னச் சம்பளக்காரரையும் வைத்துத் தரமான தொலைநாடகங்கள் வளர்ந்த அந்தப் பதினைந்து இருபது வருடமும் எங்களுக்கு இருட்டு. வானொலியில் பேச்சு வந்துவிட்டது, அடுத்த தலைமுறை தொலைக்காட்சியில் தெருவையும் கொண்டுவந்திருக்கவேண்டும். அந்த அடுத்த தலைமுறை இடம்பெயர்ந்துவிட்டது. பாலச்சந்திரனும் கனடா போய், 2014இல் அங்கேயே காலமானார்.

அந்த வெற்றிடத்துக்குள்தான் சென்னைத் தொடர்கள் வந்தன. 1999இல் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ தொடங்கியது. மின்சாரமும் கேபிளும் திரும்ப வர, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ எல்லாம் யாழ்ப்பாணத்து மாலை நேரத்தையும் பிடித்துக்கொண்டன. ‘மெட்டி ஒலி’க்கு நான் மரியாதை கொடுப்பேன். 2002இலிருந்து 2005 வரை திருமுருகன் இயக்கிய அந்தத் தொடரில் சிதம்பரம் என்ற தகப்பனும் ஐந்து பெண்பிள்ளைகளும். சம்பந்தி வீட்டுக்குப் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அந்தத் தகப்பனின் நிலை கணக்கில் இருந்து பிறந்தது. ஐந்து பேரைக் கட்டிக்கொடுத்த மனிதரிடம் என்ன மிஞ்சும் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அது விதிவிலக்கு. ‘கோலங்கள்’ 2003இலிருந்து 2009 வரை ஆயிரத்து ஐந்நூறு அங்கங்களைத் தாண்டி ஓடியது. நாயகி அபி ஒரு கட்டட நிறுவனம் நடத்துகிறாள். எத்தனையோ சதி, எத்தனையோ ஒப்பந்தம், கோடிக்கணக்கில் பேச்சு. ஆனால் அவள் கட்டுகிற கட்டடத்தில் கல் சுமக்கிறவருக்கு நாட்கூலி எவ்வளவு? ஆயிரத்து ஐந்நூறு அங்கத்திலும் அந்தக் கேள்விக்கு வேலை வரவில்லை. இன்று ஓடும் பெரும்பாலான தொடர்களில் காசு என்றால் சொத்து. சொத்து என்றால் பத்திரம். பத்திரம் என்றால் கையெழுத்து, அதற்கொரு சூழ்ச்சி. மாதக் கடைசியில் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நடக்கும் இழுபறி அங்கே இல்லை.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. ‘உமக்கென்ன தெரியும், அந்தத் தொடர்களில் பெண்கள் தங்களைப் பார்க்கிறார்கள். மாமியார், நாத்தனார், அடக்கி ஆளும் ஆம்பிளை எல்லாம் பொய்யா?’ பொய்யில்லை. 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனைப் பார்த்து, ‘இவரைப் போல ஒருத்தர் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்’ என்று சொல்லாத பெண்கள் குறைவு. படித்த மருமக்களை வேலைக்குப் போகவிடாமல் வீட்டில் அடைத்துவைக்கும் மனிதன் அவன். அது உண்மையான குறை, அதைச் சொல்ல ஒரு தொடர் துணிந்தது நல்லது. என்னுடைய கேள்வி அதற்கு அடுத்த படி. வீட்டை எதிர்த்து வெளியே வரும் பெண்ணுக்கு வெளியே என்ன காத்திருக்கிறது? எத்தனை மணிக்குப் பஸ், பிள்ளையை யார் பார்ப்பது, முதல் சம்பளத்தில் வாடகை போக மிச்சம் என்ன? தொடர் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அடுத்த திருப்பத்தில் அவள் திரும்பவும் அதே கூடத்துக்குள் நிற்கிறாள். கொடுமைக்காரன் ஒரு ஆள் என்று ஆகிவிட்டால் அவன் திருந்தவேண்டும் அல்லது சாகவேண்டும். அத்தோடு கதை தீரும். அவளைப் பிடித்துவைத்திருப்பது சம்பளமும் வாடகையும் ஊர்வாயும் என்று காட்டினால், அதை ஒரு ஆளின் சாவால் தீர்க்க முடியாது. எழுதுகிறவருக்கு அது கஷ்டம். அதனால்தான் எழுதுகிறதில்லை.

இன்னொரு மறுப்பு பிரித்தானியப் பக்கத்திலிருந்தே வரும். ‘அவங்கட தொடர்கள் மட்டும் என்ன புனிதமா?’ இல்லை. 1986 நத்தார் அன்று ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் டென் தன் மனைவி அஞ்சிக்கு விவாகரத்துக் கடிதம் நீட்டினதை, மறுஒளிபரப்பையும் சேர்த்து, மூன்று கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த எண்ணிக்கையைக் கண்ட பிறகு எல்லாத் தொடரும் அதிர்ச்சிக்கு அலையத் தொடங்கின. 1993 கடைசியில் ‘எமர்டேல்’ தொடரின் ஊருக்கு மேல் ஒரு விமானத்தையே விழுத்தினார்கள். ‘புரூக்சைட்’ மனைவியை அடிக்கும் கணவனின் கதையை மிக உண்மையாகத் தொடங்கி, அவனைக் கொன்று வீட்டு முற்றத்தில் புதைத்து, 1995இல் தோண்டி எடுத்தது. பிறகு கொடிய நோய்க்கிருமி, துப்பாக்கி முற்றுகை என்று போய் 2003 நவம்பரில் நின்றே போனது. இதை என் வாதத்துக்கு எதிரான சான்றாக நான் எடுக்கவில்லை. பயிற்சி முடிந்து வேலை கிடைக்காமல் வீடு திரும்பிய டேமனின் கதையை எழுதின அதே தொடர்தான் இது. துன்பம் கூடக்கூட உண்மை கூடும் என்றால் கடைசி வருடங்கள்தான் அதன் சிறந்த வருடங்களாக இருந்திருக்கவேண்டும். கணக்கு கைவிடப்பட்ட இடத்தில் யதார்த்தமும் விடைபெற்றது. யார் தெருவில் இருக்கலாம் என்பதிலும் அவர்கள் உத்தமர்கள் இல்லை: 1960இல் தொடங்கிய ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’டின் நடுவில் ஒரு தெற்காசியக் குடும்பம் குடியேற 1999 ஆனது. எங்கள் விதானையார் வீட்டைப் பற்றி நான் சொன்ன குறை அந்தத் தெருவுக்கும் பொருந்தும்.

‘நாள் முழுக்க இதையே அனுபவிக்கிற சனம் இரவிலும் இதையே பார்க்கவேண்டுமா?’ என்று கேட்பவர்களுக்கு இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1984 ஜூலையில் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ தொடரைத் தொடங்கியது. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. வட இந்திய நடுத்தரக் குடும்பம். குடிக்கிற தகப்பன், வேலை தேடும் மகன், கலியாணமாகாத மகள். ஆரம்ப அங்கங்களில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் தூக்கலாக இருந்தது, சனத்துக்குப் பிடிக்கவில்லை. பிரசங்கத்தைக் குறைத்து, வீட்டை அதன் போக்கில் விட்டபிறகு தேசமே தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. சனம் வெறுத்தது தங்களுடைய வாழ்க்கையைப் பார்ப்பதை அல்ல. தங்களுக்குப் புத்தி சொல்லப்படுவதை. நல்ல யதார்த்தத் தொடர் எதுவும் அழுமூஞ்சியாக இருந்ததும் இல்லை. ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’டில் மதுக்கடை மூலையில் இருந்து ஊரைக் கிழிக்கும் ஈனா ஷார்ப்பிள்ஸின் வாய்க்காகவே பார்த்தவர்கள் ஏராளம். எங்கள் ஊர்களிலும் அப்படியொரு ஆச்சி இல்லாத சந்தி உண்டா?

அப்படியானால் இன்று இங்கே, அச்சுவேலிச் சந்தியை நடுவில் வைத்து ஒரு தொடர் எழுதினால் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். கற்பனைதான், ஆனால் ஒவ்வொரு துண்டும் ஊரில் கிடக்கிறது. நான்கு பரப்புக் குத்தகைத் தோட்டத்தில் ஒருவர் வெங்காயம் வைத்திருக்கிறார். கிணற்றிலிருந்து இறைக்கும் மிசினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். 2022 ஓகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்கு ஏறியது. இறைப்பை ஒரு நாள் தள்ளிப்போட்டால் பயிர் வாடும், தள்ளாவிட்டால் கை கடிக்கும். அந்த வீட்டுப் பெண் நுண்கடன் எடுத்திருக்கிறாள். கிழமைக்கொரு நாள் சேகரிக்கிறவர் மோட்டார் சைக்கிளில் வருவார், அவள் கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றப் பெண்கள் கட்டவேண்டும். (2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்வரையான பெண்களின் நுண்கடனை இரத்துச் செய்யவேண்டி வந்த அளவுக்கு அது முற்றியிருந்தது.) இதே பெண் தெருவில் சீட்டும் பிடிக்கிறாள். மகளுக்குச் சாமத்தியச் சடங்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இலண்டன் காசு; மண்டபம் எடுத்து, ட்ரோன் பறக்கவிட்டுச் செய்தவர்கள். கைத்தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெடியன், வளலாய்ப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் கழித்துக் காணி திரும்பக் கிடைத்த குடும்பம், அந்தக் காணியில் முந்திக் கூலிக்கு நின்றவரின் பேரப்பிள்ளை, எல்லோரும் ஒரே சந்தையில், ஒரே பஸ்ஸில். இனி அந்தப் பெண் சீட்டுக் காசைத் தொடுவாளா மாட்டாளா? ஆர்தர் ஃபவுலர் கிழக்கு இலண்டனில் தான் பிறந்தார் என்று யார் சொன்னது!

வசதி இல்லை, சந்தை சிறியது, விளம்பரம் இல்லை என்று சொல்லும் மறுப்பை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். அது மெய்யான தடை. இலங்கைத் தமிழ்ச் சனத்தொகையை நம்பிச் சென்னை அளவுக்குச் செலவழிக்க ஒருவரும் இல்லை. ஆனால் நான் கேட்கிற தொடருக்குச் செலவு குறைவு. பளிங்குக் கூடம் வேண்டாம், பட்டுச்சேலை வேண்டாம், வெளிநாட்டுப் படப்பிடிப்பு வேண்டாம். ‘புரூக்சைட்’ சாதாரண வீடுகளுக்குள்ளேயே எடுக்கப்பட்டது. வானொலிக்கு அதுவும் தேவைப்படவில்லை, நான்கைந்து குரலும் ஒரு நல்ல எழுத்தும் போதுமாக இருந்தன. இன்று யூரியூப் வழியாகக் குறும்படமும் பகிடித் துண்டுகளும் எடுக்கிற யாழ்ப்பாணத்துப் பெடியள் கமெராவிலோ ஒலியிலோ பின்தங்கியவர்கள் இல்லை. புலம்பெயர்ந்த சனத்திடம் பார்க்க விருப்பமும் கொஞ்சம் காசும் இருக்கிறது. குறைவது விடாமல் எழுதும் ஒரு கூட்டம். குறும்படத்தைத் தனியாக ஒருவர் எடுக்கலாம். நூறு அங்கத் தொடரை நான்கு பேர் ஒரு மேசையில் இருந்து, எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு கடன், எந்த அங்கத்தில் எவ்வளவு கட்டினது என்று கொப்பியில் குறித்துக்கொண்டு எழுதவேண்டும். தொடராக எழுதும் பழக்கமே இலங்கை வானொலியோடு நின்றுவிட்டது.

கடைசித் தடை காசு அல்ல, மானம். ‘எங்கட ஊரை நாங்களே நாறடிக்கிறதோ?’ என்ற கேள்வி. ‘பொன்மணி’யைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனவர்களின் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். போருக்குப் பிறகு இது இன்னும் இறுகியிருக்கிறது. இவ்வளவு இழந்த சமூகத்தின் குறையை வெளியில் காட்டுவது காட்டிக்கொடுப்பு மாதிரித் தெரிகிறது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்கு இணங்கினால் இரண்டு வகைக் கதைதான் எங்களுக்கு மிஞ்சும்: வீரக்கதை, ஒப்பாரி. இரண்டிலும் நாங்கள் வெங்காயம் கிண்டுவதில்லை, சீட்டுக் கட்டுவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிக்குச் சண்டை பிடிப்பதில்லை. தன்னுடைய சனத்தைக் குறையோடும் கணக்கோடும் காட்டுவது அவமானம் என்றால், சல்ஃபோர்டும் லிவர்பூலும் கிழக்கு இலண்டனும் என்றோ வெட்கத்தால் செத்திருக்கவேண்டும். நடந்தது வேறு: அந்தத் தெருக்களின் சனம் தங்களுடைய பேச்சையும் வறுமையையும் தேசம் முழுவதும் கேட்கவைத்தது. எங்களுக்கும் பேச்சை வானொலி நாடகக்காரர் அறுபது எழுபதுகளிலேயே சம்பாதித்துத் தந்துவிட்டார்கள். அவர்கள் விதானையார் வீட்டு விறாந்தையில் விட்ட கதையைச் சந்தைக்கும் பஸ்ஸுக்கும், கூலிக்காரர் வீட்டுக்கும் கொண்டுபோவதுதான் இனி எழுதுகிறவர்களின் வேலை. முதல் அங்கத்துக்குச் சாவீடோ சதியோ தேவையில்லை. ஒரு சீட்டுக் கொப்பியும், அதில் கட்டாமல் விட்ட ஒரு பெயரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.